யாரும் கத்தவில்லை

எங்கள் மென்பொருள், நூலகத்தின் வாசலில் சிக்கிக்கொண்டது. அது ஒரு வீடு; பாதி உள்ளே, பாதி தெருவில். தமிழில் தட்டச்சு செய்வதற்காக நாங்கள் சம்பளம் வாங்காமல் கட்டிய இலவச மென்பொருள் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கோர் அறை சேர்த்ததில் கனத்துவிட்டது.

உள்ளே ஒரு பழைய கணினி காத்திருந்தது. அதன் முன்னால் நூலகர் தில்லைக்கரசி உட்கார்ந்திருந்தார்.

"மதியம் பூட்டிருவேன்," என்றார். "அதுக்குள்ள வந்தா வரட்டும். இல்லன்னா வேற ஏதாவது வாங்கிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. கத்தரிக்கோலை எடுத்தேன். தேவையற்ற நிரலை வெட்டுவதில் என்னை அடிக்க ஆளில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

எங்கள் வழக்கம் எளிது. யாரும் கூப்பிடாத அறையை வெட்டிவிட்டுக் காத்திருப்போம். எங்கிருந்தாவது யாராவது கத்தினால் திரும்ப ஒட்டுவோம். கத்தாவிட்டால் விட்டது தொல்லை.

கூடவே எங்கள் குழுவிலிருந்து பௌசியா வந்தார். அவர் தலையாட்டாமல் எதையும் வெட்டக் கூடாது. நடக்க நடக்க நடைவழி நீண்டது. முதலில் அதை வெட்டினோம். ஓர் அறையில் பத்துப் பேர் ஓர் அச்சுப்பொறிக்காக வரிசையில் நின்றார்கள். அச்சுப்பொறி வந்ததே இல்லை. வெட்டினேன். அடுத்த அறைக் கதவில், 'இதைத் தொடாதீர்கள். ஏன் என்று எனக்கும் தெரியாது' என்று எழுதியிருந்தது. பௌசியா கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார். வெட்டிவிட்டுக் காத்திருந்தோம். தெருவில் ஓர் ஆடு கத்தியது.

"இது கணக்குல வருமா அண்ணே?"

"அது நம்ம மென்பொருள பயன்படுத்தலம்மா."

வீடு ஒரு சாண் உள்ளே நகர்ந்தது. இன்னும் ஓர் அறை போனால் போதும்.

கடைசி அறையில் நான் உட்கார்ந்திருந்தேன். வயது குறைவு. இஸ்திரி போட்ட சட்டை. நான் முதன்முதலில் எழுதிய நிரல் அவன். பழைய எழுத்துருவில் அடித்ததைப் புதிய எழுத்துருவுக்கு மாற்றுவது அவன் வேலை. அந்த எழுத்துருவில் இப்போது யாரும் அடிப்பதில்லை.

"கூப்பிட்டாங்களா?" என்றான்.

"இல்லப்பா."

"கூப்பிட்டா ஒரு எழுத்துகூடத் தப்பாது."

உண்மைதான். அவனிடம் ஒரு கொம்பு, ஒரு கால் இடம் மாறியதில்லை. பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"விட்டுருவோமா அண்ணே?" என்றார் பௌசியா. "உங்க பேரு இந்த ஒரு கதவுலதான் இருக்கு."

தில்லைக்கரசி சாவிக்கொத்தை எடுக்கும் சத்தம் கேட்டது.

"தலைய ஆட்டும்மா," என்றேன்.

ஆட்டினார். அவன் எழுந்து, வெட்ட வசதியாகச் சுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"நேரா வெட்டுங்க," என்றான்.

வீடு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. தில்லைக்கரசி ஒரு விசையைத் தட்டினார். விரலை எடுப்பதற்குள் 'அ' திரையில் இருந்தது. அவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.

வழக்கப்படி காத்திருந்தோம். பௌசியா தெருவின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு நான் நின்ற இடத்தைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லாததுபோல் அவர் பார்வை என்னைத் தாண்டிப் போய்ச் சுவரில் நின்றது.

"யாருமே கத்தல," என்றார்.

நானும் வாயைக் கெட்டியாகப் பொத்திக்கொண்டேன். அவ்வளவு நேராக நான் எதையும் வெட்டியதே இல்லை.