சத்தமில்லாமல் தாண்டிய துறை

நீரேற்று நிலையத்தில் ஒரு பகல்வேலை காலியாக இருந்தது. பம்பு ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். மதியத்துக்குள் இன்ஜினீயரை நேரில் பார்க்க வேண்டும். அதற்குப்பிறகு அவர் வெளியே கிளம்பிவிடுவார். இந்தச் செய்தி தையல்காரியின் காதில் விழுந்தது, தைத்த சட்டைகளைக் கடையில் கொடுக்கப்போன இடத்தில். மறுநாள் காலை, ஐஸ் ஃபாக்டரியில் பம்பு ஓட்டும் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த புருஷனைப் படுக்கவிடாமல், முகத்தைக் கழுவச் சொல்லிப் படகுத்துறைக்கு இழுத்துவந்துவிட்டாள்.

அந்த வேலை அவனைவிட அவளுக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது. அவர்கள் வீட்டில் பகல் என்றால் அவன் தூங்கும் நேரம். இருப்பது ஒரே அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தாள். அழைப்புமணியின் ஒயரை அவளே பிடுங்கிப் போட்டிருந்தாள். சிலிண்டர்காரன் மாடிப்படியில் கால் வைக்கும்போதே ஓடிப்போய் உதட்டில் விரல் வைப்பாள். பகலில் தையல் மெஷினைத் தொட முடியாது. பட்டனையும் காஜாவையும் கையால் போட்டுக்கொண்டிருப்பாள். அவன் டிபன்பாக்ஸோடு கிளம்பிய பிறகுதான் மெஷின் ஓடும். கீழ்வீட்டுக்காரி சத்தம் தாங்காமல் கீழிருந்து தளத்தைத் தட்டினால் அதுவும் நிற்கும். மெஷின் பகலில் ஓடினால் இரண்டு மடங்கு தைக்கலாம். ராத்திரி தூங்கவும் தூங்கலாம்.

படகில் கண்டக்டர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தான். "என்னண்ணே, இஸ்திரிச் சட்டையெல்லாம் பலமா இருக்கு! பொண்ணு பாக்கவா?"

"பக்கத்துலயே உக்காந்திருக்கா, சத்தமா வேற கேக்கறே."

"நீரேற்று நிலையத்துல இறங்கணும்பா," என்றாள் அவள். "மறந்துடாதே."

"மறப்பேனாக்கா? ஒவ்வொரு துறைக்கும் தொண்டை கிழியக் கத்தத்தானே என்னை வெச்சிருக்காங்க."

படகு ஆற்றைவிட்டுக் கிளையாற்றில் திரும்பியது. இரு கரையிலும் செங்கல் சூளைகள், மரக்கடைகள், துணி காயும் பின்கட்டுகள்.

"இன்ஜினீயர் கேட்டா என்ன சொல்வீங்க?"

"பம்பு ஓட்டுவேன்னு சொல்வேன்."

"அவ்ளோதானா?"

"வேறென்ன, பம்புக்குத் தாலாட்டா பாடிக் காட்டணும்?"

அதோடு பேச்சு தீர்ந்துபோனது. விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை இருவருக்கும். வெயில் ஏறியதும் படுத்துப் பழகிய உடம்பு அவனுடையது. இரண்டாவது துறை தாண்டுவதற்குள் தலை அவள் தோளில் சரிந்துவிட்டது.

அவன் தூங்கினால் அவள் கை சும்மா இருக்காது. பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடியில் விரித்துப் பட்டன் தைக்க ஆரம்பித்தாள். படகு, ஆறு, இன்ஜினீயர் எல்லாம் ஒவ்வொன்றாக நழுவிப்போயின. அவன் மூச்சும் அவள் ஊசியும் மட்டும், வீட்டில் இருப்பதுபோலவே.

"நீரேற்று நிலையம்! நீரேற்று நிலை..." என்று கத்திக்கொண்டே கண்டக்டர் வந்தான். அவள் தலையைத் தூக்கவில்லை. விரல் தானாக உதட்டுக்குப் போனது. "ஷ்ஷ்."

அவன் குரல் அப்படியே அடங்கியது. நல்ல பையன். பூனைபோல நடந்து மற்றவர்களிடம் காதோடு காதாகச் சொன்னான். இரண்டு பேர் இறங்கினார்கள். கயிறு அவிழ்ந்தது.

நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் நீரேற்று நிலையத்தின் பெரிய தண்ணீர்த்தொட்டி பின்னால் சிறிதாகிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். தூங்குகிறவனை எழுப்புவது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. பொழுது சாய்ந்தால் அவனாக எழுவான். அவ்வளவுதான் அவள் அறிந்தது.

கடைசித் துறையில் இன்ஜின் நின்றதும் அவன் விழித்தான்.

"வந்துடுச்சா?"

"போயிடுச்சு."

கண்டக்டர் தலையைச் சொறிந்தான். "அக்காதான்ணே சத்தம் போடாதேன்னாங்க."

புருஷன் அவளையே பார்த்தான். "வேணும்னே செஞ்சியா?"

"பழக்கத்துல செஞ்சிட்டேன்."

திரும்பும் படகு சாயங்காலம்தான். அவன் நிலையத்துக்கு போன் போட்டான். வேறொரு ஆள் வந்தாராம், அவரையே எடுத்துக்கொண்டார்களாம். அவன் போனைப் பைக்குள் போட்டான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

திரும்பும் படகில் அவள் கண் சொருகியது. ராத்திரி முழுக்கத் தைத்திருந்தாள். சாய்ந்த வெயிலில் அவனுக்குத்தான் தூக்கமே இல்லை.

"ஏய்! எந்திரி! ஊர் வந்தாச்சு!"

தோளைப் பிடித்து உலுக்கினான். படகில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இவ்ளோதான் எழுப்பறது," என்றான். துறையிலிருந்து நேராக ஷிஃப்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் வெயில் ஏறியிருந்தது. அவன் போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் ஜன்னலின் கறுப்புத் துணியைக் கழற்றி மடித்து வைத்தாள். மெஷின் முன் உட்கார்ந்து, ஒரு சட்டையின் கைத்துணியை ஊசிக்கடியில் கொடுத்து, காலால் மிதித்தாள். மெஷின் கடகடவென்று அறையையே ஆட்டியது.

போர்வை விலகியது. "என்னடி இது? தூங்க வேண்டாமா நான்?"

"ராத்திரி தூங்குங்க."

"ராத்திரி வேலை யாரு பாக்கறது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். பகல்ல வேற வேலை தேடுங்க."

அவன் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான். அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை.