ஜோன் அடம்ஸ் ஒருவரையும் நாடு கடத்தவில்லை

1.

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் துன் நகரில் வசிக்கும் மாணவி கோசலா, அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜோன் அடம்ஸ் அதிகாரத் துஷ்பிரயோகம் செய்தாரா என்று ஜெர்மனில் இருபது பக்கக் கட்டுரை எழுதினாள். செய்தார் என்று முடித்தாள். ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டிருந்தார்: 'அந்நியர் சட்டத்தால் அவர் ஒருவரையும் நாடு கடத்தவில்லையே. பாவிக்காத அதிகாரத்தில் துஷ்பிரயோகம் எங்கே?'

[முதல் வரைவில் 'நான்' என்று இருந்தது. அதை வெட்டி 'கோசலா' என்று போட்டவளும் அவள்தான். கோழைத்தனம், வேறென்ன.]

2.

வேறு தொடக்கம்: 1798ஆம் ஆண்டு, பிலடெல்பியாவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு

வேண்டாம். அந்த வெயில் கோசலாவுக்குத் தெரியாது. சட்டம் தெரியும். ஆபத்தானவர் என்று ஜனாதிபதி நினைத்தால் போதும், அந்நியரை வழக்கு விசாரணை இல்லாமலே வெளியேற்றலாம். கையெழுத்துப் போட்டவர் அடம்ஸ். பயந்துபோய்த் தாங்களாகவே கப்பலேறியவர்கள் இருந்தார்கள். அவர்கள் எந்தக் கணக்கில் சேர்த்தி?

3.

இனி அவளுடைய அப்பா. பெயர் ▬▬▬▬▬. [இந்தக் கோட்டுக்கு விளக்கம் உண்டு. பொறுங்கள்.] ஹோட்டல் சமையலறையில் வேலை. பதினாறு வருடமாக அவரிடம் இருப்பது எஃப் அட்டை. தற்காலிகமாக இருக்கலாம், வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும், நினைத்தபடி எல்லை தாண்ட முடியாது. பாரிசில் தங்கச்சி செத்தபோது இறுதிக்கிரியையை ஃபோனில் பார்த்தார். யாரோ போட்ட குப்பைக்குக் குடியிருப்புப் பராமரிப்பாளர் அவரைத் திட்டினாலும் 'ஜா, ஜா' என்று ஆமோதித்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் கோசலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரையும் ஒருவரும் நாடு கடத்தவில்லை.

4.

ஜெர்மன் கட்டுரையை அப்பாவால் வாசிக்க முடியவில்லை. இது தமிழ். ஞாயிறு மத்தியானம் மேசையில் கிடந்த தாள்களை எடுத்து நின்றபடியே வாசித்தார்.

"என்ர பேரை ஏன் போட்டனி?"

"உங்கட கதைதானே அப்பா."

"எஃப்பை மாத்தி பி வதிவிட அனுமதிக்கு விண்ணப்பம் குடுத்துக் கிடக்கு. ஆரும் கண்டால்?"

"தமிழ்க் கதையை அவையள் ஆர் வாசிக்கப் போகினம்?"

"வாசிச்சுச் சொல்ல ஆக்களை வச்சிருப்பாங்கள்."

"இதில பொய் ஏதும் எழுதினனானோ?"

"பொய்யெண்டால் நான் ஏன் பயப்பிடுறன்?"

"ஒரு பிழையும் செய்யாம ஏன் அப்பா இப்பிடி நடுங்குறியள்!" என்று கத்தினாள்.

அவர் பேனையை எடுத்துத் தன் பெயரை வெட்டினார். தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்தார். இன்னொரு தடவை அழுத்தி வெட்டினார்.

5.

முடிவுக்கு வருவோம்.

பி அனுமதி கிடைக்கிறது, அப்பா தன் பெயரைத் திரும்ப எழுதுகிறார். [நீங்கள் நம்பினாலும் கோசலா நம்பமாட்டாள்.]

அல்லது, கோசலா அந்தத் தாளைக் கொண்டுபோய் ஆசிரியரின் மேசையில் ஓங்கி

இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது.

நடந்தது இவ்வளவுதான். பெயரை வெட்டச் சொல்லி ஒருவரும் அப்பாவுக்குக் கட்டளையிடவில்லை. ஒரு கடிதம்கூட வரவில்லை. பேனை அவருடைய கையில்தான் இருந்தது. அதிகாரம் பாவிக்கப்பட்டதா, இல்லையா? மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் அந்தக் கோட்டைப் பாருங்கள். பிறகு முடிவை நீங்களே எழுதுங்கள். கீழே உங்கள் பெயரைப் போடுங்கள், முழுப்பெயரை.