மொஸ்பாஹின் காவல்காரர்கள்

எல்லைச் சாவடியில் இருபத்திரண்டு வருடம் காவல் பார்த்தவர் மொஸ்பாஹ். அவருக்குத் தெரியாமல் ஓர் ஆடுகூட லிபியாவுக்குப் போனதில்லை. போனதெல்லாம் தெரிந்தேதான் போயிற்று. ஒட்டகம் ஒன்று கடத்தல் டீத்தூள் மூட்டை சுமந்து ஆளில்லாமல் தனியாக வரும். சாவடி முன்னால் நிற்கும். இவர் தலையசைத்த பிறகே நகரும். நான்காம் வருடத்தில் பதிலுக்குத் தலையசைக்கவும் பழகியிருந்தது. இவர் ஓய்வு பெற்ற அன்று அதுதான் அதிகம் கலங்கியது.

அந்த மொஸ்பாஹ் இப்போது ஸ்ஃபாக்ஸ் நகரத்து மருத்துவமனையில், டாக்டர் ஹாஜரின் மேசைக்கு எதிரே, மடியில் தேன் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். பெருங்குடலில் புற்றுக்கட்டி. ரமலானுக்கு முன்பே அறுத்து எடுக்கச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனைத் தாளில் வெள்ளணுக்கள் அதிகம் என்று கண்டதும், படை திரண்டுவிட்டது, இனிக் கத்தி எதற்கு என்று ஊர் திரும்பிவிட்டார். மனைவி ஸாஸியா கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்து மூன்று மாதம் படைக்குச் சோறு போட்டாள். படை தின்றது. கட்டி பெருத்தது.

"வியாழக்கிழமை ஒரு படுக்கை இருக்கு, பெரியப்பா. இதையும் விட்டா கட்டி குடலத் தாண்டிடும். அப்புறம் என் கையில இல்ல," என்றாள் ஹாஜர்.

"ரத்தத்துல இத்தன காவக்காரன் இருக்கானே, என்னத்தக் கிழிச்சானுவ?"

"கட்டியச் சுத்தித்தான் நிக்கிறாங்க. கொல்லத்தான் வந்தாங்க. கட்டி ஏதோ சேதி அனுப்புது, கட்சி மாறிடறாங்க. அதுக்கு ரத்தக்குழாய் போட்டுக் குடுத்து வளக்கறாங்க. சண்டைக்கு வர்ற நல்ல அணுவயும் 'இங்க ஒண்ணுமில்ல, போ'ன்னு திருப்பி அனுப்பிடறாங்க."

மொஸ்பாஹின் முகத்திலிருந்த நக்கல் வடிந்தது. இதே வார்த்தையை, தலைநகரிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரியிடம், ஒட்டகத்தை முதுகால் மறைத்துக்கொண்டு அவரும் சொல்லியிருக்கிறார்.

"இத நம்பாதீங்க," என்றாள் பக்கத்திலிருந்த ஸாஸியா. "நம்ம ரத்தம் நமக்கே துரோகம் பண்ணுமா?"

"பண்ணும். முதல்ல ஒரு கிளாஸ் டீ வரும், பாதாம் போட்டது. அப்புறம், பிள்ளைக்குக் காய்ச்சலாமேன்னு விசாரிப்பான். அப்புறம் ஃப்ரிட்ஜ் வரும். துரோகம் பண்ணுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான், ஸாஸியா. கொஞ்சம் அந்தப் பக்கம் பாருன்னுதான் சொல்லுவான்."

"நம்ம வீட்டு ஃப்ரிட்ஜா? நேர்மைக்கு அரசாங்கம் குடுத்த பரிசுன்னீங்க?"

"சொன்னேன்."

"தெருவெல்லாம் சொன்னேனே! இந்தத் தேனக்கூட அதுலதானே வச்சேன்!"

மொஸ்பாஹ் டாக்டர் பக்கம் திரும்பினார். "கட்டிய எடுத்துட்டா இந்தப் பயலுவ திருந்துவானுவளா?"

"சேதி வராட்டி நிறையப் பேர் பழைய வேலைக்குத் திரும்பலாம். ஆனா எங்கயாவது ஒரு துளி ஒளிஞ்சிருந்தா, உறுதியா சொல்ல முடியாது."

சாவடியில் இருந்த காலத்தில், ஒட்டகத்தை அனுப்பிவந்தவன் ஒருமுறை பிடிபட்ட பிறகு மொஸ்பாஹ் மூன்று மாதம் இரும்பாக நின்றார். சொந்த மச்சானின் பெட்ரோல் கேனையே பறிமுதல் செய்தார். நான்காம் மாதம் வேறொருவன் அதே ஒட்டகத்தோடு, கையில் ஒரு கிளாஸ் டீயோடு வந்தான்.

"வியாழக்கிழமையே அறுத்துடு, மகளே," என்று சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார். "ஆனா நாலாம் மாசம் மறுபடி பாரு. அப்பதான் உஷாரா பாக்கணும்."

"நாலாம் மாசம்னு யார் சொன்னாங்க?"

மொஸ்பாஹ் பேனாவை மூடி மேசையில் வைத்தார். ஸாஸியா அவர் மடியிலிருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. இன்னும் திருகினாள்.