பைரவி குரைக்கவில்லை

பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் நடத்தும் வெள்ளியங்கிரிக்கு இளவயதிலிருந்தே நாய்களைப் பழக்குவதுதான் பொழுதுபோக்கு. போட்டிகளில் பரிசு வாங்கிய தன் நாய் பைரவிக்கு, இடிபாடுகளில் ஆள் தேடவும் கற்றுக்கொடுத்திருந்தார். உயிரோடு யாராவது இருந்தால் அது குரைக்கும்.

பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் மழைக்குக் குடோன் சுவர் சரிந்து, அங்கே வேலை செய்த மூக்கையா சிக்கிக்கொண்டதாகத் தெரிந்ததும் பைரவியோடு ஓடினார். அது கற்குவியல் முழுக்க முகர்ந்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பியது.

"அண்ணே, நாய் ஏன் கொரைக்கல?" என்றாள் மூக்கையாவின் மனைவி சித்ராதேவி.

வெள்ளியங்கிரி பைரவியைக் குவியல் பக்கம் திருப்பினார். "இன்னொருக்கா பாக்கச் சொல்றேன் அம்மிணி."

பைரவியை அவர் சந்தேகித்ததே இல்லை. இன்று அது ஏமாந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார்.

பைரவி மறுபடியும் ஏறிக் கல் கல்லாக முகர்ந்தது. இறங்கி வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது. சித்ராதேவி புரிந்துகொண்டு அழத் தொடங்கினாள்.

மாலையில் உடலை எடுக்கும்வரை வெள்ளியங்கிரி அவளருகிலேயே நின்றார்.