புகார் இல்லாத ஊர்

ஐஸ் பெட்டி மறுபடியும் முனகிவிட்டு நின்றது. கொண்டுவந்தவர் ப்ளக்கை உருவி, இந்த லோ வோல்டேஜில் இது ஓடாது, ஜெனரேட்டர் பிடியுங்கள் என்றார். சிங்கப்பூரிலிருந்து தம்பி நாளைக் காலை வந்துசேரும்வரை அப்பாவை வைத்திருந்தாக வேண்டும். நேற்று ஆக்ஸிஜன் மெஷினும் இதே லோ வோல்டேஜில்தான் நின்றது. அப்பா மூச்சுக்குத் தவித்தே போய்ச் சேர்ந்தார்.

தெருவில் ஒருத்தர்கூடவா புகார் சொல்லவில்லை என்று வானதி கேட்டாள். பக்கத்து வீட்டுச் செம்மொழி தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உங்கப்பாதான் விடல. போன எடுத்தாலே வந்து கெஞ்சுவாங்க. கம்ப்ளைன்ட் போனா மாப்பிள்ளைக்குக் கெட்ட பேராம். மாப்பிள்ளையே சொன்னாராம்."

மாப்பிள்ளை, வானதியின் கணவன் தியாகேசன், தஞ்சாவூர் மின்சார அலுவலகத்தில் இன்ஜினியர். பாபநாசம் பக்கம் அவன் பொறுப்பு. அலுவலகத்தில் சுவர் நிறைய ஒரு திரை. டிரான்ஸ்பார்மருக்கு ஒரு புள்ளி. புகார் சேரச் சேரப் பச்சை சிவப்பாகும். சிவந்த ஊருக்குத்தான் புது டிரான்ஸ்பார்மர். ஒருமுறை அவளை அழைத்துப்போய், உங்க ஊரைப் பார், பச்சைப் பசேலென்று இருக்கிறது என்று காட்டினான். அவளும் அசடு மாதிரிப் பூரித்துப்போனாள். அப்பாவுக்கு மெஷின் வைத்த நாளாக அவள் புது டிரான்ஸ்பார்மர் கேட்டு நச்சரித்ததற்கெல்லாம், "பிளான்ல இருக்கு" என்பதே பதில்.

பந்தலில் மாலைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தவனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"கம்ப்ளைன்ட் வேணாம்னு அப்பாகிட்ட சொன்னீங்களா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "இப்ப பேசுற பேச்சா இது? பிரமோஷன் லிஸ்ட் வர்ற வரைக்கும்னுதான் மாமாகிட்ட கேட்டுக்கிட்டேன்."

"மெஷின் வச்சப்புறமுமா?"

அவன் மறுபடி மாலைகளை அடுக்கப் போய்விட்டான். பக்கத்தில் படுத்துக்கொண்டே கழுத்தை அறுத்திருக்கிறான். புகார் போனால்தான் டிரான்ஸ்பார்மர் வரும் என்று தெரியாமல் அப்பாவும் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று உருகிக் கிடந்தாரே!

வானதி உள்ளே போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, புகார் எண்ணைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் ஒரு பெண் கேட்கக் கேட்க, ஊரைச் சொன்னாள், இணைப்பு அப்பா கோவிந்தராசு பேரில் என்றாள், நேற்று நின்றுபோன மெஷினையும் சொன்னாள். பேச்சு கேட்டு ஒப்பாரி தானாக அடங்கியது.

"ஆள் வர்றப்ப வீட்ல யாராவது இருப்பாங்களா மேடம்?"

"அப்பா இருப்பாங்க. நாளைக்குக் காலைல வரைக்கும்."

செம்மொழி மூக்கைச் சிந்திவிட்டு, தன் போனை எடுத்தாள். அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் அவளிடம் நம்பரைக் கேட்டாள்.