மூன்றாம் அட்டவணை

மருத்துவமனையின் சலவைக்கூடம் கீழ்த்தளத்தில் இருந்தது. அழுக்குத் துணி பிரிக்கும் மேசைக்கு மேலே, நீராவி எட்டாத உயரத்தில், ஒரு தாள் ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை காலை காவலாளி வந்து அதைக் கிழித்தார். கிழித்த துண்டுகளை அவர் மடித்து முடிப்பதற்குள் அதே இடத்தில் இன்னொன்றை ஒட்டினார் சலவைப் பெண்களின் மேஸ்திரி அக்கா.

"இன்னும் எத்தனைக்கா வெச்சிருக்கீங்க?"

"நீங்க பாட்டுக்குக் கிழிங்க தம்பி. கை வலிச்சா மேல மாத்திரை தருவாங்க."

பிரிப்பு மேசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். காவலாளியும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் படியேறினார்.

அந்தத் தாள் ஓர் ஆய்வுக் கட்டுரையின் மூன்றாம் அட்டவணை. எந்த வார்டுத் துணியில், எந்த மாதம், எத்தனை ஊசிகள் கிடந்தன என்ற கணக்கு. எட்டு வார்டுகள், எட்டு மாதங்கள். எழுதியவரை சலவைக்கூடத்தில் 'கேள்வி டாக்டர்' என்பார்கள். கழுத்தில் குழாய் இல்லாத, மருந்து எழுதாத டாக்டர். அவருடைய படிப்புக்கு மருத்துவச் சமூகவியல் என்று பெயர். ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல ஒரு கூட்டத்தையே பார்ப்பது: எங்கே வலிக்கிறது, எதனால் வலிக்கிறது, எதை மாற்றினால் தீரும்.

போன வருடம் சலவைப் பெண்களில் நான்கு பேரை ஊசி குத்தியது. நிர்வாகம் அதற்குக் 'கவனக்குறைவு' என்று எழுதி, தடித்த கையுறை கொடுத்தது. கேள்வி டாக்டர் மூன்று மாதம் கீழேயும் மேலேயும் நடந்தார். செவிலியர்கள் பணி மாறும்போது முன்பு இரண்டு அணிகளும் அரைமணி நேரம் சேர்ந்து நிற்பார்கள். படுக்கை விரிப்பை உருவும் முன் ஊசியை எண்ணிவிடுவார்கள். அந்த அரைமணியை மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வெட்டிய மாதத்திலிருந்துதான் ஊசிகள் துணியோடு சலவைக்கூடத்துக்கு வரத் தொடங்கின. கேள்வி டாக்டர் சலவைப் பெண்களையும் வார்டு சிஸ்டர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். ஆறு வார்டுகள் தாங்களாகவே கால்மணி நேரத்தை மீட்டுக்கொண்டன. அங்கே ஊசி நின்றுபோனது. கண்காணிப்பாளரின் நேரடிப் பிடியில் இருந்த அறுவை வார்டிலும் அவசரப் பிரிவிலும் நிற்கவில்லை. இதெல்லாம் அட்டவணையில் அப்பட்டமாகத் தெரிந்தது.

பதினோரு மணிக்குக் கேள்வி டாக்டருக்குக் கண்காணிப்பாளர் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

"பெரிய இதழுக்கு அனுப்புங்கன்னு அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார் அவர். "கௌரவமா இருந்திருக்கும்."

"அதைச் சந்தா கட்டின நூலகத்துல மட்டும்தான் சார் படிக்க முடியும். நான் எழுதுறதை நீங்க படிக்கலாம்னு கீழ இருக்கிறவங்களுக்கு முதல் நாளே வாக்குக் கொடுத்தேன்."

"அதனால ஊரே காசில்லாமப் படிக்கிற இதழ்ல போட்டுட்டீங்க. சரி, இப்ப எடுக்கச் சொல்லுங்க. கட்டுரை இருக்கட்டும், அந்த அட்டவணை மட்டும் போகணும். போயிட்டா அந்தப் பழைய அரைமணியை எல்லா வார்டுக்கும் நானே திரும்பக் கொடுத்துடறேன், ஏன் வெட்டினீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. உங்க ஒப்பந்தம் மாசக் கடைசியில முடியுது. நான் மறக்கலை."

"நானும் மறக்கலை சார். ஆனா யாரு வேணாலும் அச்சடிக்கலாம், ஒட்டலாம், கொடுக்கலாம்னு உரிமை எழுதிக் கொடுத்துதான் அந்த இதழ்ல போட்டேன். கொடுத்ததை நானே திரும்ப வாங்க முடியாது. மேஸ்திரி அக்கா ஒட்டுறதைத் தடுக்க எனக்கே அதிகாரம் கிடையாது."

கண்காணிப்பாளர் இதழாசிரியரைத் தொலைபேசியில் பிடிக்கச் சொன்னார். ஆசிரியர் வேறொரு ஊரில், ஒரு கல்லூரியில் வகுப்பெடுத்துக்கொண்டு, நான்கு பேருடன் சம்பளமில்லாமல் அந்த இதழை நடத்துபவர். வகுப்பிலிருந்து வெளியே வந்து பேசினார்; குரல் தொலைபேசியின் ஒலிபெருக்கியில் அறைக்கே கேட்டது.

"எடுக்கலாம் சார், பிழை இருந்தா. எந்த வரி தப்பு?"

"எண்ணிக்கை தப்பா இருக்கலாம்னு..."

"இருக்கலாம்னா பத்தாது. எந்த வரி, சரியான எண் என்ன, யாரு கையெழுத்து. மூணும் வேணும். அந்தக் கடிதத்தையும் கட்டுரைக்குப் பக்கத்துலயே போடுவோம். அதையும் ஊரே படிக்கும்."

கண்காணிப்பாளர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு யோசித்தார். பிறகு அறுவை வார்டு சிஸ்டரை வரச் சொன்னார். அட்டவணையில் அவளுடைய வார்டுதான் கடைசி, அதிக ஊசிகள் அங்கேதான். எட்டு வார்டு சிஸ்டர்களில் வார்டுப் பெயரைப் போடச் சம்மதித்துக் கடைசியாகக் கையெழுத்திட்டவளும் அவள்தான். கோபம் இருக்கும் என்று அவர் நம்பினார்.

சிஸ்டர் கை துடைத்தபடி வந்து நின்றாள். இருபது வருடமாக நின்றே பழகியவள். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"இதைப் பாரும்மா. உன் வார்டை நாறடிச்சிருக்காங்க. இதுல தப்பு இருக்குல்ல? நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

அவள் தாளை வாங்கி விரலால் வரி வரியாகப் படித்தாள். கேள்வி டாக்டர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது சொன்னால் அது கெஞ்சலாகிவிடும்.

"இருக்கு சார்" என்றாள் சிஸ்டர். "ஒரு தப்பு இருக்கு."

கண்காணிப்பாளர் தொலைபேசியிலிருந்து கையை எடுத்தார். "கேட்டீங்களா? வார்டு சிஸ்டரே சொல்றாங்க."

"எந்த வரிம்மா?" என்றது தொலைபேசி.

"எங்க வார்டு, மார்ச். பதினொண்ணுன்னு போட்டிருக்கு. பன்னெண்டு. பன்னெண்டாவது, விரிப்பைச் சுருட்டும்போது என் விரல்ல ஏறிச்சு. குப்பையில போட்டுட்டேன், யாருகிட்டயும் சொல்லலை. அதான் கீழ எண்ணிக்கையில வரலை."

வெளியே தள்ளுவண்டி ஒன்று கடகடத்துப் போனது.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? யாரைக் காப்பாத்தப் பாக்குறே?"

"யாரையும் இல்ல சார். சொன்னா என்மேலதான் 'கவனக்குறைவு'ன்னு எழுதுவீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். கீழ ஊசி குத்தின ஒரு சின்னப் பொண்ணு, கிருமி ஏறியிருக்குமோன்னு மூணாவது ரத்தப் பரிசோதனைக்கு நாள் எண்ணிக்கிட்டிருக்கா. அவ மறைக்காமச் சொல்லிட்டா, நான் சொல்லலை. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சது போதும். தப்புன்னு கையெழுத்து வேணும்னீங்களே, கொடுங்க பேனாவை."

"திருத்தம்தான் அது" என்றார் ஆசிரியர். "எழுதி அனுப்புங்க, இந்த வாரமே வந்துடும். பேரு முழுசா வேணும்மா."

"போடுறேன்."

கண்காணிப்பாளர் பேனா கொடுக்கவில்லை. கேள்வி டாக்டர் கொடுத்தார். சிஸ்டர் அட்டவணைத் தாளின் முதுகிலேயே, மேசையில் குனிந்து, நிதானமாக எழுதினாள். வரி, தவறான எண், சரியான எண். பிழைக்குக் காரணம் என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு எழுதினாள்: 'பயந்துகொண்டு சொல்லவில்லை.' கீழே முழுப் பெயர், வார்டு, தேதி.

"ரெண்டு பேரும் யோசிச்சுக்கோங்க" என்றார் கண்காணிப்பாளர். "மாசக் கடைசிக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்கு."

"ஒம்போது நாள் நிறைய சார்" என்றார் கேள்வி டாக்டர். "அவசரப் பிரிவுல இன்னும் பேச வேண்டியவங்க இருக்காங்க."

வராந்தாவுக்கு வந்ததும் தாளைப் படம் பிடித்து ஆசிரியருக்கு அனுப்பினார். அனுப்பியது போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்துகொண்டு சிஸ்டரின் விரல்களைப் பார்த்தார்.

"மார்ச்லயா குத்திச்சு? ரத்தம் கொடுத்தீங்களா?"

"எப்படிக் கொடுக்கிறது? கொடுத்தா ஏன்னு கேப்பாங்களே."

"இப்பக் கேக்கட்டும். வாங்க."

"வார்டுல ஆள் இல்ல டாக்டர்."

"ஆள் இல்லாததாலதான் குத்திச்சு."

சிஸ்டர் ஒரு கணம் வார்டுப் பக்கம் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு பரிசோதனைக் கூடத்தை நோக்கி முன்னால் நடந்தாள்.