பிடுங்கிய பிறகும் அடித்த கரண்டு

1.

இந்தக் கதை எனக்கு மாட்டுத்தாவணி டீக்கடையில் கிடைத்தது. என் மர்மத் தொடர்கதைகளை விடாமல் வாசிக்கும் ஆர்த்திகா என்ற பெண், தன் அப்பா சின்னானுக்கு நடந்ததைச் சொன்னாள். வந்த ஆத்திரத்தில் வீட்டுக்குப் போனதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

'கிணற்றடிப் புதருக்குள் யாரோ ஒளிந்திரு—'

அடித்துவிட்டேன். யாரும் ஒளிந்திருக்கவில்லை.

2.

அலங்காநல்லூர்ப் பக்கம் அழகுபாண்டியின் தோட்டத்தில் மோட்டார் எரிந்துபோனது. சின்னானைக் கூப்பிட்டார்கள். மோட்டார் வேலைக்காரர்களின் வழக்கப்படி அவர் கரண்டை நிறுத்த பீஸ்கட்டைகளை (ஃபியூஸ்) பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார். மடியில் இருப்பதை வேறு எவனும் திரும்ப மாட்ட முடியாது அல்லவா? பிறகு, மூன்று பேஸ் மோட்டாரை இரண்டு பேஸ் கரண்டிலேயே ஓடவைக்கும் கண்டன்சரின் வயரில் கை வைத்தார். தூக்கி அடித்தது. கிணற்றுப் படியில் விழுந்து கை முறிந்தது.

கை கூடிவிட்டது. பேர்தான் கூடவில்லை. குடித்துவிட்டு, கட்டையைப் பிடுங்காமலே தொட்டான் என்று அழகுபாண்டி சொல்ல, ஊர் தலையாட்டியது. இப்போது எந்தத் தோட்டத்திலும் சின்னானைக் கூப்பிடுவதில்லை.

(கட்டை மடியில்; கரண்டு எங்கிருந்து? மர்மக்கதைக்காரன் விடுவானா? ஒரு கொலைகாரனையும் திருட்டு வயரையும் நுழைத்து ஆர்த்திகாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "கொலைகாரன்லாம் வேணாம் சார். எங்கப்பா கட்டையப் பிடுங்குனாரு. அத மட்டும் எழுதுங்க" என்றாள்.)

3.

எழுதுகிறேன். சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துணுக்கு துள்ளி ஒட்டுகிறதே, அங்கே எந்த மெயின் சுவிட்ச் இருக்கிறது? தேய்த்ததில் ஒரு பக்கம் எலக்ட்ரான் கூடியது, மறுபக்கம் குறைந்தது. அவ்வளவுதான். கண்டன்சருக்குள்ளும் இதே கூத்துதான்: இரண்டு உலோகத் தகடு, நடுவே மெல்லிய பிளாஸ்டிக். ஒரு தகட்டில் கூடியது, இன்னொன்றில் குறைந்ததை நோக்கி ஓட வழி தேடிக் காத்துக்கிடக்கும். கட்டையைப் பிடுங்கினாலும் காத்துக்கிடக்கும். மோட்டாருக்குள் சுற்றிய கம்பிச்சுருள் நன்றாக இருந்திருந்தால் அதன் வழியே வடிந்திருக்கும். அன்றைக்கு அது எரிந்து அறுந்து கிடந்தது. சின்னானின் விரல் வழியானது.

(கண்டன்சரின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு சின்ன ரெசிஸ்டர் சேர்த்திருந்தால் தானாக வடிந்திருக்கும். சேர்க்காமல் விற்றவனை ஊரில் யாரும் குடிகாரன் என்று சொல்லவில்லை.)

4.

முடிவு ஒன்று: அழகுபாண்டி தானாக வந்து மன்னிப்புக் கேட்கிறார். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முடிவு இரண்டு: அதே கிணற்றடி. ஊர் கூடியிருக்கிறது. மோட்டாரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, கண்டன்சருக்கு மட்டும் கரண்டு கொடுத்து நிறுத்தியாயிற்று. இந்தமுறை கட்டைகள் அழகுபாண்டியின் மடியில்.

"கட்டை எங்கிட்ட இருக்கு. பெறகு எப்புடிடா அடிக்கும்?"

"அப்ப தொடுங்கண்ணே."

அழகுபாண்டி கையை நீட்டுகிறார். அடித்தால் நீங்கள் கைதட்டுவீர்கள், நானும்தான். ஆனால் சின்னான் அந்தக் கையைத் தட்டிவிடுகிறார். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைக்கிறார். டப்பென்று நீலப்பொறி.

"எனக்கு அடிச்சது இதுதாண்ணே. நான் குடிக்கல."

அழகுபாண்டி வாயைத் திறந்து—

5.

நிறுத்திவிட்டேன். முடிவு இரண்டு முழுக்க நான் கட்டியது. இதை நேரில் பார்க்கச் சொல்லி ஆர்த்திகா எவ்வளவு கூப்பிட்டும் நிஜ அழகுபாண்டி கிணற்றடிக்கு வரவே இல்லை. அவர் சொல்ல வேண்டியதை நான் அழகாக எழுதிக் கொடுத்துத் தப்பிக்கவிட மாட்டேன். அவரைத் தெரிந்தவர் யாராவது இதை வாசித்தால், கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். கடைசி வரி அவருக்காகக் காலியாக இருக்கிறது.

அழகுபாண்டி: "____________"